கார் பேட்டரி சார்ஜரில் ஸ்விட்ச் போனால்: கண்டுபிடிப்பது முதல் மாற்றி முடிப்பது வரை

பேட்டரி சார்ஜரில் டிரான்ஸ்ஃபார்மர் லேசில் போகாது. டயோடும் ஓரளவு தாங்கும். முதலில் கையை விரிப்பது ஸ்விட்ச்தான். அதனால்தான் பல ஆட்டோ எலக்ட்ரிகல் கடைகளில் ஸ்விட்ச் இருந்த ஓட்டை வழியாக இன்சுலேஷன் டேப் சுற்றிய இரண்டு வயர் எட்டிப் பார்க்கிறது. கேட்டால் "டைரக்ட் போட்டாச்சு" என்பார்கள். டைரக்ட் போட்ட சார்ஜரை நிறுத்த ப்ளக்கைப் பிடுங்க வேண்டும், அல்லது பேட்டரி மேலிருக்கும் கிளிப்பைக் கழற்ற வேண்டும். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜனை வெளியே விடுகிறது. காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். கிளிப்பைக் கழற்றும்போது வரும் ஒரு பொறி போதும், பேட்டரி மூடி தெறிக்கும், ஆசிட் முகத்தில் அடிக்கும்.

சும்மா புது ஸ்விட்ச் வாங்கி மாட்டினாலும் பல நேரம் மூன்று மாதத்தில் அதுவும் எரிகிறது. பழையதை எரித்தது எது என்று பார்க்காமல் மாட்டியதுதான் காரணம். ஆகவே கீழே மாற்றும் வேலைக்குக் கொடுத்த இடம் அளவுக்குக் காரணம் தேடும் வேலைக்கும் கொடுத்திருக்கிறோம். 230 வோல்ட்டில் ஓடும் டிரான்ஸ்ஃபார்மர் வகை சார்ஜர்தான் இங்கே முக்கியம். பட்டன் அமுக்கும் புது வகை பற்றிக் கடைசிக்கு அருகில் சுருக்கமாக இருக்கிறது.

எந்த ஸ்விட்ச், எந்தப் பக்கம்

ஒரு சார்ஜரில் மூன்று விதமான ஸ்விட்ச் இருக்கலாம். 230 வோல்ட்டை வெட்டும் மெயின்ஸ் ஸ்விட்ச் ஒன்று. பெரும்பாலும் சிவப்பு விளக்குள்ள ராக்கர் (இரு பக்கமும் சாய்த்து அமுக்கும் வகை), பழைய பெட்டிகளில் டாகிள் (குச்சி வகை). 6 வோல்ட், 12 வோல்ட் மாற்றும் ஸ்லைடு அல்லது டாகிள் இன்னொன்று. மூன்றாவது, கரண்டைக் கூட்டிக் குறைக்கும் ரோட்டரி. வரிசையாகப் பல பேட்டரியை ஒன்றாகச் சார்ஜ் போடும் கடை சார்ஜரில் 'கோர்ஸ்', 'ஃபைன்' என்று இரண்டு ரோட்டரி இருக்கும்.

ஸ்விட்ச் டிரான்ஸ்ஃபார்மருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது சாகும் விதமே மாறும். 12 வோல்ட் 10 ஆம்பியர் சார்ஜர் மெயின்ஸில் இழுப்பது ஏறக்குறைய 1 ஆம்பியர்தான். அங்கே ஸ்விட்சுக்கு எதிரி, ஆன் செய்யும் கணத்தின் பாய்ச்சலும் ஆஃப் செய்யும் கணத்தின் ஆர்க்கும் (காண்டாக்டுகளுக்கு நடுவே எரியும் மின்பொறி). அவுட்புட் பக்கத்தில் வோல்டேஜ் குறைவு, ஆனால் 10 ஆம்பியரும் மணிக்கணக்கில் ஸ்விட்ச் வழியாகவே ஓடும். அங்கே எதிரி சூடு. ஒரு லூஸ் காண்டாக்டில் 0.1 ஓம் மின்தடை சேர்ந்தால் 10 × 10 × 0.1, அதாவது 10 வாட் சூடு. சின்ன சோல்டரிங் அயர்ன் ஒன்றை ஸ்விட்சுக்குள் செருகி வைத்த கதைதான்.

பக்கத்தைக் கண்டுபிடிக்க வயரைப் பாருங்கள். பென்சில் ஈயக்குச்சி அளவு மெல்லிய வயர் வந்தால் பெரும்பாலும் பிரைமரி, அதாவது டிரான்ஸ்ஃபார்மரின் மெயின்ஸ் பக்கம். தடித்த வயர் அல்லது எனாமல் கம்பியே நேராக வந்து பற்றியிருந்தால் செகண்டரி, அதாவது அவுட்புட் பக்கம்.

பெட்டியைத் திறக்கும் முன்

வரிசை மாறக்கூடாது. முதலில் சுவர் ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள். பிறகு ப்ளக்கை உருவுங்கள். அப்புறம் பேட்டரியிலிருந்து கிளிப்புகளை, நெகட்டிவை முதலாகக் கழற்றுங்கள். ப்ளக்கை எடுத்தாயிற்று என்று பேட்டரி கிளிப்பை விட்டுவைக்கிறவர்கள் உண்டு. 12 வோல்ட் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் ஸ்க்ரூடிரைவர் நுனி தெரியாமல் இரண்டு முனையைத் தொட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதன் வழியே கொட்டும். மோதிரம், கைச்சங்கிலி, மெட்டல் வாட்ச் எதுவும் கையில் வேண்டாம்.

தேவையானவை: மல்டிமீட்டர், டெஸ்டர், நோஸ் பிளையர், லக் (வயர் நுனியில் மாட்டி ஸ்விட்ச் முனையில் செருகும் உலோகப் பிடி) அமுக்கும் கிரிம்பிங் டூல், வயர் ஸ்ட்ரிப்பர், 6.3 மில்லிமீட்டர் ஸ்லீவ் போட்ட பெண் லக் பத்து, 1.5 ஸ்கொயர் எம்எம் வயர் ஒரு மீட்டர், அவுட்புட் பக்கத்துக்கு 2.5 ஸ்கொயர் (20 ஆம்பியர் சார்ஜருக்கு 4 ஸ்கொயர்), ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், சமையல் சோடா.

இத்தோடு ஒரு சீரிஸ் பல்பு. ஃபேஸ் வயரின் நடுவில் 100 வாட் குண்டு பல்பைக் கோர்த்து, அடுத்து ஒரு சாக்கெட் வைத்த பலகை. எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை பல்புதான் வேண்டும். இப்போது தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கிடைக்கும்போது இரண்டு வாங்கி வையுங்கள். வயரிங்கில் தப்பு நடந்திருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், அவ்வளவோடு போகும். இது இல்லாமல் பிரித்த சார்ஜரை நேராக மெயின்ஸில் சொருகாதீர்கள்.

குறை ஸ்விட்சில்தானா?

திறக்காமலே பாதி விடை கிடைக்கும். ப்ளக் வெளியே இருக்கும்போது மீட்டரை 200 ஓமில் வைத்து, ப்ளக்கின் ஃபேஸ், நியூட்ரல் முனைகளில் பிடியுங்கள். சார்ஜர் ஸ்விட்ச் ஆஃபில் ஒன்றும் காட்டக்கூடாது. ஆன் செய்தால் பிரைமரி சுற்றின் மின்தடை தெரியும்: பெரிய சார்ஜரில் சில ஓம், சின்னதில் சில பத்து ஓம். ஆன், ஆஃப், ஆன் என்று பத்து முறை தட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அதே எண் வந்தால் மெயின்ஸ் ஸ்விட்ச் நல்ல நிலை. 8, 45, 150 என்று குதித்தால் காண்டாக்ட் தேய்ந்துவிட்டது. ஆஃபிலும் மின்தடை காட்டினால் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது, அதாவது வெல்டு ஆகிவிட்டது. எப்போதும் ஒன்றும் காட்டவில்லை என்றால் ஸ்விட்ச் மட்டும் குற்றவாளி அல்ல. ப்ளக் டாப்பின் ஸ்க்ரூ, கார்டு, ஃப்யூஸ், பிரைமரி சுற்றுக்குள் புதைத்திருக்கும் தெர்மல் ஃப்யூஸ் என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும்.

சத்தத்தையும் கேளுங்கள். ஆன் செய்தால் 'ம்ம்ம்' என்ற உறுமல் வருகிறது, ஆம்பியர் மீட்டர் அசையவில்லை: மெயின்ஸ் ஸ்விட்ச் வேலை செய்கிறது, கோளாறு அதற்கு அப்பால். சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்' என்று விட்டு விட்டு ஓடினால் அது ஸ்விட்சே அல்ல, ஓவர்லோடில் திறக்கும் பைமெட்டல் கட்-அவுட். பேட்டரிக்குள் செல் ஷார்ட்டாகி இருந்தாலும் இப்படித்தான் ஆகும். ஆம்பியர் முள் ஆடிக்கொண்டே இருந்தால், மரக் கைப்பிடியால் ரோட்டரியின் குமிழை மெல்லத் தட்டுங்கள். தட்டும் தாளத்துக்கு முள் துள்ளினால் குறை அங்கேதான்.

மூக்கையும் பயன்படுத்தலாம். பேக்லைட் கருகும்போது அழுகிய மீன் வாடை அடிக்கும். சார்ஜர் ஓடும்போது அந்த வாடை வந்தால் புகை வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு குழப்பம். பேட்டரி மாட்டாமல் அவுட்புட் கிளிப்பில் அளந்தால் மீட்டர் 12 அல்லது 13 வோல்ட் மட்டும் காட்டலாம். உடனே ஸ்விட்ச் வோல்டேஜை விழுங்குகிறது என்று முடிவுகட்டாதீர்கள். இந்தச் சார்ஜர்களில் பெரும்பாலும் ஃபில்டர் கெப்பாசிட்டர் கிடையாது. அலைபோல வரும் டிசியின் சராசரியை மீட்டர் காட்டுகிறது. பேட்டரியை நிரப்புவது அந்த அலையின் உச்சி.

அவுட்புட் பக்கத்து ஸ்விட்சை ஓம் மீட்டரால் மட்டும் நம்பக் கூடாது. மீட்டர் அனுப்புவது சுமார் ஒரு மில்லி ஆம்பியர். ஊசிமுனை அளவு ஒட்டியிருந்தாலும் 'பீப்' அடித்துவிடும். அதே காண்டாக்ட் 10 ஆம்பியரில் கொதிக்கும். லோடில்தான் சோதிக்க வேண்டும்: பாதி இறங்கிய பேட்டரியை மாட்டி, சார்ஜரை ஓடவிட்டு, மீட்டரை 2 வோல்ட் ரேஞ்சில் வைத்து ஸ்விட்சின் உள்ளே போகும் முனையிலும் வெளியே வரும் முனையிலும் பிடியுங்கள். டயோடுக்கு முன்னால் இருக்கும் ஸ்விட்ச் என்றால் ஏசி ரேஞ்ச், பின்னால் என்றால் டிசி. 10 ஆம்பியரில் 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம். 0.3 என்றால் சுத்தம் செய்து மறுபடி அளக்கலாம். அரை வோல்ட்டைத் தாண்டினால் தூக்கிப் போடுங்கள். இந்தச் சோதனைக்குப் பெட்டி திறந்திருக்கும், பக்கத்திலேயே 230 வோல்ட் இருக்கும். உயிர்ச் சுற்றில் கை வைத்துப் பழக்கமில்லாதவர்கள் வேறு வழியில் போகலாம்: இருபது நிமிடம் ஓடவிட்டு, ப்ளக்கை எடுத்து, கிளிப்பைக் கழற்றி, உடனே ஸ்விட்சைத் தொடுங்கள். விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

பழைய ஸ்விட்சைப் படித்துப் பாருங்கள்

கழற்றிய ஸ்விட்சைக் குப்பையில் போடாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஒரே ஒரு முனையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பாகி, உருகி, அந்த முனையின் லக் கறுத்திருந்தால் உள்ளே காண்டாக்ட் நன்றாகவே இருந்திருக்கலாம். லக் லூஸாக இருந்து வெளியிலிருந்து சூடு உள்ளே போயிருக்கிறது. பழைய லக்கையே புது ஸ்விட்சில் செருகினால் அதே முனை மறுபடி உருகும்.

முனைகளில் நீலப்பச்சைப் பொடி பூத்திருந்தால் ஆசிட் ஆவி. சார்ஜரைப் பேட்டரி மேலேயே தூக்கி வைத்து ஓட்டியிருப்பார்கள். பித்தளையும் செம்பும் கந்தக அமிலத்தில் அரிக்கப்பட்டு, மின்தடை ஏறி, சூடாகிச் செத்திருக்கிறது.

வெளியே எல்லாம் பளபளப்பு, உள்ளே காண்டாக்ட் மட்டும் குழி விழுந்தோ ஒட்டியோ இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் பாய்ச்சல். இரும்புக் கோரில் முந்தைய முறை ஓடியபோது மிஞ்சிய காந்தம் இருக்கும். ஆன் செய்யும் கணம் மின் அலையின் தப்பான இடத்தில் விழுந்தால் கோர் நிரம்பிப்போய், சில சைக்கிள்களுக்கு வழக்கமான கரண்டைப் போலப் பத்து மடங்குக்கு மேல் பாயும். ஆன் செய்யும்போது சில தடவை மட்டும் 'டொம்' என்று பெட்டி அதிர்வது இதனால்தான்.

நான்காவது, யாரோ ஏற்கெனவே மாற்றிய ஸ்விட்ச். முகப்பு அதே மாதிரி இருக்கும், உள்ளே 6 ஆம்பியர் சரக்கு.

மெயின்ஸ் ராக்கரை மாற்றுதல்

1. எதையும் கழற்றும் முன் போனில் மூன்று கோணத்தில் படம் எடுங்கள். ஒவ்வொரு வயரிலும் மாஸ்கிங் டேப் சுற்றி 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். வயர் நிறத்தை நம்ப வேண்டாம். உள்ளூர்ப் பெட்டிகளில் கையில் கிடைத்த நிறம்தான்.

2. லக்கை நோஸ் பிளையரால் பிடித்து உருவுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் உள் இழைகள் அறுந்து, வெளித்தோல் மட்டும் நன்றாக இருக்கும். பின்னாளில் அங்கே சூடாகும்.

3. ஸ்விட்சின் இரு பக்கக் காதுகளையும் உள்ளிருந்து அமுக்கி முன்பக்கமாகத் தள்ளுங்கள். உருகி ஒட்டியிருந்தால் பிளேடால் கீறி எடுங்கள். முகப்புத் தகடு வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. ஓட்டையை அளந்துகொள்ளுங்கள். சின்ன ராக்கருக்கு ஏறக்குறைய 19 × 13 மில்லிமீட்டர், பெரிய நான்கு முனை ராக்கருக்கு ஏறக்குறைய 28 × 22. கடைக்குப் பழையதையே எடுத்துப்போவது இன்னும் நல்லது.

5. வாங்குவது 16 ஆம்பியர் 250 வோல்ட் ஏசி, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் நான்கு முனை வகையாக இருக்கட்டும். ஓடும் கரண்ட் 1 ஆம்பியர்தானே, 6 ஆம்பியர் போதாதா என்றால், ஓடுவதற்குப் போதும், பாய்ச்சலுக்குப் போதாது. உடம்பில் உள்ள எழுத்தைப் படியுங்கள். 16(8) என்று இருந்தால் அடைப்புக்குள் இருப்பது மோட்டார் லோடுக்கான அளவு. 10/100 என்று சாய்கோடு இருந்தால் இரண்டாவது எண் பாய்ச்சலின் உச்சி. 5E4 என்றால் ஐம்பதாயிரம் முறை தட்டலாம் என்று பொருள். எழுத்தே இல்லாத ஸ்விட்சை வாங்காதீர்கள்.

சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் இவை கிடைக்கும். ஜி.பி. ரோடு மாதிரி ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைகளில் அச்சு அசல் இதே உருவத்தில் வண்டி ஃபாக் லைட்டுக்கான 12 வோல்ட் ராக்கர் தொங்கும். உள்ளே விளக்கு 12 வோல்ட். 230-ல் போட்டால் முதல் தட்டிலேயே 'பட்'.

6. எந்த முனை எந்த முனையோடு சேர்கிறது என்று மீட்டரால் பார்த்து, ஸ்விட்ச் உடம்பிலேயே மார்க்கரால் குறியுங்கள். இதைத் தவிர்த்தால் வரும் விபத்து ஒரே மாதிரிதான்: ஃபேஸை ஒரு ஜோடியின் உள்முனையிலும் நியூட்ரலை அதே ஜோடியின் வெளிமுனையிலும் செருகிவிடுவார்கள். ஆன் செய்தால் நேரடி ஷார்ட், எம்சிபி விழும், புது ஸ்விட்ச் அங்கேயே காலி. நான்கு முனை ராக்கரில் உள்விளக்கு வெளிப்பக்க இரு முனைகளுக்கு நடுவே இருக்கும். ஆஃபிலும் விளக்கு எரிந்தால் உள்ளேயும் வெளியேயும் இடம் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். மூன்று முனை ராக்கரில் நிறம் மாறித் தெரியும் பித்தளை முனை விளக்கின் நியூட்ரலுக்கு மட்டும். லோடை அதில் போட்டால் சார்ஜர் விளக்கு வழியாக ஓட முயலும், ஓடாது.

7. வயரின் கறுத்த பகுதியை வெட்டுங்கள். தோலை உரித்தால் இழைகள் பளிச்சென்று செம்பு நிறத்தில் தெரிய வேண்டும். இன்னும் கறுப்பு என்றால் இன்னும் ஒரு சென்டிமீட்டர். வயர் குட்டையாகிப்போனால் இழுத்துக் கட்டாமல் புது வயரே போடுங்கள். இழைகளை முறுக்கி, லக்கில் முழுதாக நுழைத்து, கிரிம்பிங் டூலால் அமுக்குங்கள். கட்டிங் பிளையரால் நசுக்கினால் அது கிரிம்ப் ஆகாது. வயர் நுனியில் ஈயம் பூசிவிட்டு அமுக்குவதும் தப்பு. ஈயம் அழுத்தத்தில் மெதுவாக நகர்ந்து கொடுத்துவிடும், ஆறு மாதத்தில் லக் லூஸ். அமுக்கிய பிறகு ஒவ்வொன்றையும் நன்றாக இழுத்துப் பாருங்கள்.

8. ஸ்விட்சில் லக் செருகும்போது இறுக்கமாகப் போக வேண்டும். வெண்ணெயில் கத்தி போல வழுக்கிப் போனால் லக்கின் மடிப்பை லேசாக அமுக்குங்கள், அல்லது வேறு லக் எடுங்கள். முனையில் நேராகச் சோல்டர் செய்வதானால் மூன்று நொடிக்கு மேல் சூடு வைக்காதீர்கள். பிளாஸ்டிக் இளகி முனை அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலே உள்ளே காண்டாக்ட் நேராக உட்காராது. கிரிம்ப்தான் எங்கள் சிபாரிசு.

9. எர்த் வயர் பெட்டியின் இரும்பில் பெயிண்ட் சுரண்டிய இடத்தில், பல் வாஷரோடு இறுகியிருக்கிறதா பாருங்கள். எர்த் ஸ்விட்ச் வழியாகப் போகவே கூடாது.

ரோட்டரி ஸ்விட்ச்: பொறுமை கேட்கும் வேலை

ரோட்டரியில் பெரும்பாலும் ஒரு பொசிஷன்தான் கருகியிருக்கும்: கடையில் தினமும் வைக்கும் அந்த ஒரு எண். மற்ற பொசிஷன் எல்லாம் புதுசு போலக் கிடக்கும். அல்லது எல்லாப் பொசிஷனுக்கும் பொதுவான நடு முனை போயிருக்கும், அது எப்போதும் கரண்டில் இருப்பதால்.

குமிழின் பக்கவாட்டுத் திருகைத் தளர்த்தி உருவுங்கள். நட்டைக் கழற்றும் முன் ஆஃப் பொசிஷனில் குமிழ் எந்தப் பக்கம் பார்த்தது என்று முகப்பில் குறித்துக்கொள்ளுங்கள். வயர்களுக்கு எண் போடுங்கள். டேப் வயர்கள் (வெவ்வேறு வோல்டேஜுக்காக டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் நடுநடுவே இருந்து வரும் வயர்கள்) எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும். ஒன்றை மாற்றிச் செருகினால் 3-ல் வைத்தால் 7-ன் கரண்ட் பாயும்.

சுத்தம் செய்து பிழைக்குமா என்று பார்க்க மூன்று கேள்விகள். காண்டாக்ட் கறுத்திருக்கிறதா, குழியா? கறுப்பு மட்டும் என்றால் பிழைக்கும். ஸ்பிரிங் தகடு விரலால் அமுக்கினால் துள்ளுகிறதா? சூட்டில் ஊதா நிறம் ஏறிய தகடு விறைப்பை இழந்திருக்கும். வளைத்து விட்டால் ஒரு மாதம் ஓடும், அவ்வளவுதான். பேக்லைட்டின் மேல் இரண்டு முனைக்கு நடுவே பென்சில் கோடு மாதிரி கரிக்கோடு இருக்கிறதா? இருந்தால் பேச்சே இல்லை. கரி மின்சாரத்தைக் கடத்தும், சுரண்டினாலும் உள்ளே இறங்கியிருக்கும், மறுபடி அதே பாதையில் பற்றும்.

பிழைக்கும் என்றால், ஆல்கஹால் தொட்ட தடித்த அட்டைத் துண்டைக் காண்டாக்டின் இடையில் வைத்து இழுங்கள். அட்டை கறுப்பாக வரும். வெளுத்து வரும் வரை இழுங்கள். வெள்ளி முலாம் பூசிய காண்டாக்டில் எமரி பேப்பர் வேண்டாம், முலாம் போய்விடும். கெட்டிப் பித்தளை என்றால் 600 நம்பர் எமரி லேசாகப் போடலாம். ஆசிட் பூத்த உதிரிகளை ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்து பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் முழுதாகக் காய வையுங்கள். ஸ்டீல் உல் பக்கமே போகாதீர்கள், அதன் மயிரிழை ஒன்று உள்ளே தங்கினால் ஷார்ட். காண்டாக்டில் கிரீஸ் பூசினால் ஆர்க்கில் எரிந்து கரியாகும்; குமிழை 'டக் டக்' என்று நிறுத்தும் அமைப்புக்கு மட்டும் ஒரு துளி.

புதுசு வாங்கும்போது பொசிஷன் எண்ணிக்கையும் ஆம்பியரும் எல்லாரும் பார்ப்பார்கள். பலர் விடுவது இதைத்தான்: ஒரு பொசிஷனை விட்ட பிறகு அடுத்ததைத் தொடும் வகையா, அடுத்ததைத் தொட்ட பிறகு முந்தையதை விடும் வகையா? டிரான்ஸ்ஃபார்மர் டேப்புக்கு முதல் வகைதான் வேண்டும். இரண்டாவது வகையில் ஒரு கணம் இரண்டு டேப்பும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும். இரண்டுக்கும் நடுவே 2 வோல்ட் வித்தியாசம், அந்தச் சுற்றுத் துண்டின் மின்தடை 0.02 ஓம் என்று வைத்துக்கொண்டால் 100 ஆம்பியர் அந்தக் கணத்தில் சுழலும். கடையிலேயே சோதிக்கலாம்: மீட்டரைப் 'பீப்'பில் வைத்து அடுத்தடுத்த இரண்டு முனையில் பிடித்து, குமிழை மிக மெதுவாகத் திருப்புங்கள். நடுவழியில் 'பீப்' கேட்டால் அது உங்களுக்கானது அல்ல.

இரண்டாவது, ஸ்டாப். கடைசிப் பொசிஷனுக்குப் பிறகு குமிழ் சுற்றிக்கொண்டு ஆஃபுக்கு வரும் வகை வாங்கினால், ஆஃபிலிருந்து பின்பக்கம் ஒரு தட்டில் உச்ச வோல்டேஜுக்குப் போய்விடும். ஸ்டாப் உள்ளதாகக் கேளுங்கள். கடை சார்ஜர்களுக்குக் கேம் வகை ரோட்டரி நல்ல தேர்வு. கோவையைச் சேர்ந்த சால்சர் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. 10 ஆம்பியர் சார்ஜருக்கு 16, 20 ஆம்பியர் சார்ஜருக்கு 32 என்று எடுங்கள்.

32 கிடைக்கவில்லை என்று 16-ன் இரண்டு வரிசையைச் சேர்த்துக் கட்டுவது வழக்கம். நிலையாக ஓடும்போது அது ஓரளவு உதவும். திருப்பும்போது உதவாது: இரண்டும் ஒரே கணத்தில் பிரியாது, கடைசியாகப் பிரிகிறது முழு ஆர்க்கையும் வாங்கும்.

எவ்வளவு நல்ல ரோட்டரியானாலும் லோடில் திருப்பக்கூடாது. மெயின்ஸை ஆஃப் செய்து, திருப்பி, பிறகு ஆன். முகப்பில் பெயிண்ட் மார்க்கரால் எழுதி வையுங்கள். கடைப் பையன்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், எழுத்து இருக்கும்.

6/12 ஸ்விட்ச்

சின்ன வீட்டுச் சார்ஜர்களில் வரும் ஸ்லைடு ஸ்விட்ச் பெரும்பாலும் சில ஆம்பியர் தாங்கும் சரக்கு. எரிந்தால் அதே மாதிரி தேடாமல், ஓட்டையைச் சற்று அகலப்படுத்தி 15 ஆம்பியர் டாகிள் போடுங்கள். நடுவில் ஆஃப் உள்ள மூன்று நிலை வகை என்றால் 6-லிருந்து 12-க்குக் கை தவறிப் போகும் வாய்ப்பு குறையும். பழைய பைக்கின் 6 வோல்ட் பேட்டரியை 12-ல் போட்டால் அரை மணியில் கொதிக்க ஆரம்பிக்கும். மாட்டி முடித்ததும் இரண்டு நிலையிலும் அவுட்புட்டை அளந்து, பெரிய எண் 12 என்ற எழுத்துப் பக்கம்தான் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். டாகிளில் குச்சி ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்க முனைதான் சேரும், தலைகீழாகிப்போவது சாதாரணம்.

பட்டன் வகைச் சார்ஜர்

இதில் மேலே அமுக்கும் ரப்பருக்குக் கீழே போர்டில் 6 × 6 மில்லிமீட்டர் சின்ன டாக்டைல் ஸ்விட்ச் இருக்கும். மாற்றுவது பத்து நிமிட வேலை, ஆனால் போர்டின் மெயின்ஸ் பக்கப் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி தங்கியிருக்கும். ப்ளக்கை எடுத்த பிறகும் இருக்கும். 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த பிடியில் வைத்துப் பத்து நொடி தொட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். நான்கு காலில் இரண்டிரண்டு உள்ளேயே சேர்ந்தவை. திருப்பிப் போட்டால் பட்டன் எப்போதும் அமுங்கியதாகவே சார்ஜர் நினைக்கும். பட்டனின் உயரம் சரியாக இருக்க வேண்டும், அரை மில்லிமீட்டர் கூடினாலும் மூடியை மாட்டியதும் அமுங்கி நிற்கும்.

பேட்டரி மாட்டாமல் இந்த வகை அவுட்புட்டே தராது. அதைப் பார்த்து ஸ்விட்ச் போச்சு என்று பிரித்த பெட்டிகள் நிறைய.

மூடும் முன்

சார்ஜர் ஆஃபில், ப்ளக்கின் எர்த் முனையிலிருந்து பெட்டியின் இரும்பு வரை அளந்தால் ஒரு ஓமுக்குள் வர வேண்டும். 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் மீட்டர்) கிடைத்தால் ஸ்விட்சை ஆன் நிலையில் வைத்து, ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்த முனையிலிருந்து பெட்டிக்கு அளந்து பாருங்கள்; குறைந்தது 2 மெகா ஓம்.

பிறகு சீரிஸ் பல்பு வழியாக, பேட்டரி இல்லாமல் ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட். உடனே நிறுத்தி ஸ்விட்ச் முனைகளைத் திரும்பப் பாருங்கள். ஒரு கிலோவாட் கடை சார்ஜரில் காந்தக் கரண்டே அதிகம் என்பதால் 100 வாட் பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ரோட்டரியின் ஒவ்வொரு பொசிஷனிலும், ஆஃப் செய்து திருப்பி, அவுட்புட்டைக் குறியுங்கள். எண்கள் படிப்படியாக ஏற வேண்டும். நடுவில் ஒன்று இறங்கினால் இரண்டு டேப் இடம் மாறியிருக்கிறது.

கடைசியாகப் பேட்டரியை மாட்டி, முழுக் கரண்டில் அரை மணி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஸ்விட்சையும் ஒவ்வொரு லக்கையும் தொடுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை.

பழைய ஸ்விட்ச் பாய்ச்சலில் ஒட்டிச் செத்தது என்றால் இரண்டு சின்ன உதிரி சேர்க்கலாம். பிரைமரிக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்-2 வகை 275 வோல்ட் கெப்பாசிட்டரும் 100 ஓம் 1 வாட் ரெசிஸ்டரும் ஒன்றன்பின் ஒன்றாக. ஆஃப் செய்யும்போது ஆர்க்கை இது குறைக்கும். ஸ்விட்சுக்குக் குறுக்கே போட வேண்டாம். ஆஃபிலும் 7 மில்லி ஆம்பியர் அளவு கசிந்து உள்விளக்கை மினுமினுக்க வைக்கும். பாய்ச்சலுக்கு, 10 ஆம்பியர் வரையான சின்னச் சார்ஜரில், ஃப்யூஸுக்குப் பிறகு ஃபேஸில் 10 ஓம் என்டிசி (குளிர்ந்திருக்கும்போது மின்தடை கூடுதலாகவும் சூடானால் குறைவாகவும் இருக்கும் உதிரி) ஒன்று. ஓடும்போது அது நன்றாகவே சூடாகும், ஆகவே வயர் தோலோ பெட்டியின் பிளாஸ்டிக்கோ தொடாதபடி காலை நீட்டி நிறுத்துங்கள். ஆஃப் செய்த உடனே ஆன் செய்தால் சூட்டில் இருக்கும் என்டிசி பாய்ச்சலைத் தடுக்காது. ஒரு நிமிடம் விட்டுத் தட்டுங்கள். ஃப்யூஸ் லேபிளில் சொன்ன அளவிலேயே ஸ்லோ-ப்ளோ (கணநேரப் பாய்ச்சலில் எரியாத) வகையாக இருக்கட்டும்.

நீலப்பச்சை பூத்த ஸ்விட்ச் வந்த சார்ஜருக்கு உதிரி எதுவும் உதவாது. கிளிப் வயரை ஒன்றரை மீட்டராக நீட்டி, ஒரு அளவு தடித்த வயராகப் போட்டு, பெட்டியைப் பேட்டரிக்குப் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள்.